குதிரைக்குத் தண்ணி எங்கே காட்டினான்?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தேன். ஆண்டு 1832. லண்டன், நள்ளிரவு. கதாநாயகனின் சட்டைக்குள் ஓர் உயில். விடிவதற்குள் யார்க் நகரம் போய்ச் சேராவிட்டால் சொத்து முழுவதும் சித்தப்பாவின் கைக்குப் போய்விடும். கறுப்புக் குதிரைமேல் தாவி ஏறுகிறான். நாலுகால் பாய்ச்சல். நிலா, புழுதி, பின்னால் ஓடும் மரங்கள். சேவல் கூவும் நேரத்தில் யார்க் கோட்டை வாசலில் குளம்புச் சத்தம். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். குதிரை பற்றிய கதை, குதிரைக்காரர் படித்தால் பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை. பொறுமையாக முழுவதும் படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா இருக்கு தம்பி. குதிரைக்குத் தண்ணி எங்க காட்டினான்?”

“வழியில எங்கயாவது காட்டியிருப்பான் அண்ணே.”

“எவ்வளவு தூரம்?”

“320 கிலோமீட்டர்.”

“பத்து மணி நேரம்னே வச்சுக்க. மணிக்கு 32. நிக்காம, மூச்சு வாங்காம, ராத்திரி பூரா. தம்பி, நீ எழுதினது குதிரை இல்ல, மோட்டார் சைக்கிள்.”

சொன்னதோடு விடவில்லை. அடுத்த வாரம் என்னை ஒரு வயசான பெண்குதிரைமேல் ஏற்றி உட்கார வைத்தார். நடை சுகமாக இருந்தது. அப்புறம் மெதுவாக ஓட விட்டார். ஒவ்வோர் அடிக்கும் சேணம் என்னை மேலே எறிந்தது, நான் கீழே வரும்போது சேணம் மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் கால்கள் இரண்டும் அடைப்புக்குறி மாதிரி வளைந்து நின்றன. இரண்டு நாள் மாடிப்படி ஏறவில்லை. என் கதாநாயகன் பத்து மணி நேரச் சவாரிக்குப் பிறகு வாசலில் குதித்து இறங்கி, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதாக எழுதியிருந்தேன்.

கணக்கு இதுதான். குதிரை நடந்தால் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சீரான ஓட்டத்தில் 12, 13. நாலுகால் பாய்ச்சலில் 40ஐத் தாண்டும், ஆனால் அதைச் சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எதிர்பார்க்கலாம். ஒரே குதிரையில் நாள்கணக்காகப் பயணம் போகிறவர் ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர் போனால் அது நல்ல பயணம். இன்று 160 கிலோமீட்டர் ஒருநாள் பந்தயங்கள் நடக்கின்றன. அதற்கென்றே வளர்த்துப் பழக்கிய குதிரைகள், வழியில் பல இடங்களில் மருத்துவர் நிறுத்தி நாடி பார்க்கிறார், தேறாத குதிரையை அங்கேயே விலக்கிவிடுகிறார். என் ஆள் அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தை இருட்டில், காற்று வேகத்தில் கடந்துவிட்டான்.

இது என் சொந்தக் கற்பனை என்று வேறு நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. டிக் டர்பின் என்ற வழிப்பறிக் கொள்ளையன் கறுப்புக் குதிரையில் ஒரே இரவில் லண்டனிலிருந்து யார்க் போனான் என்று ஒரு கதை உண்டு. சின்ன வயதில் எங்கோ படப்புத்தகத்தில் பார்த்தது மண்டையில் தங்கியிருக்கிறது. 1834ல் வந்த ஒரு நாவல் ஊதிப் பெரிதாக்கிய கட்டுக்கதை அது. நிஜமான டர்பின் 1739ல் யார்க்கில் தூக்கில் தொங்கினான். தண்டனை எதற்கென்றால், குதிரை திருடியதற்கு. அந்தக் கட்டுக்கதையில்கூட யார்க் எல்லையில் குதிரை செத்து விழுகிறது. நான் அந்த அளவுக்குக்கூட நியாயமாக எழுதவில்லை.

சரி, அந்தக் காலத்தில் நிஜமாகவே அவசரம் என்றால் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கதை மூலையில் கிடந்தது, குதிரை என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

1706ல் லண்டன்–யார்க் கோச் வண்டிக்கு, அதாவது பயணிகளை ஏற்றிப்போகும் குதிரை வண்டிக்கு, ஒரு விளம்பரம் அச்சடித்திருக்கிறார்கள். நான்கு நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டு, கடவுள் அனுமதித்தால் என்று பக்கத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். 1830களில் அதே பயணம் ஏறத்தாழ ஒரு நாளுக்குள் வந்துவிட்டது. நான்கு நாள் ஒரு நாளாகச் சுருங்கிய அந்தக் காலத்தில் குதிரையின் கால் ஒன்றும் நீளவில்லை. சாலை மாறியது. மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1816ல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குப் பொறுப்பேற்று, உடைத்த சின்னக் கற்களை அடுக்கி, தண்ணீர் வடியும்படி சாலை போட்டார். ஆறு அவுன்சுக்கு மேல் எடையுள்ள கல் கூடாது என்பது அவர் விதி. கல் சிறியதானால் சக்கரம் ஏறி இறங்கி அல்லாடாது, குதிரைக்கு இழுவை குறையும்.

அதைவிடப் பெரிய மாற்றம் லாயங்களில் நடந்தது. ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு ஒரு விடுதி, விடுதிக்குப் பின்னால் லாயம். வண்டி வருவதற்கு முன்பே நான்கு புதுக் குதிரைகள் சேணம் பூட்டித் தயாராக நிற்கும். கொம்பு ஊதும் சத்தம் தூரத்தில் கேட்டதும் லாயக்காரர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். பழையதை அவிழ்த்துப் புதியதைப் பூட்ட ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பயணி காலை நீட்டிச் சோம்பல் முறிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். பயணி 320 கிலோமீட்டர் போனார், எந்தக் குதிரையும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு லாயத்துக்குப் போய் வாய் வைத்தது. மைலுக்கு ஒரு குதிரை என்பது கோச் முதலாளிகளின் கணக்கு. 200 மைல் பாதையென்றால் 200 குதிரை.

இப்படி வில்லியம் சாப்ளின் என்பவரிடம் மட்டும் 1830களின் கடைசியில் ஏறத்தாழ 1,800 குதிரைகள் இருந்தன. ரயில் வந்ததும் அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. குதிரையில் சம்பாதித்ததை ரயிலில் போட்டு, ஒரு ரயில்வே கம்பெனிக்கே தலைவரானார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்த மனுஷன்.

அமெரிக்காவின் போனி எக்ஸ்பிரஸ் தபாலும் இதே ஏற்பாடுதான். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், பத்து நாள், 20 கிலோமீட்டர் சுமாருக்கு ஒரு குதிரை மாற்று. சினிமாவில் அது யுகயுகமாக நடந்ததுபோல் காட்டுவார்கள். 1860 ஏப்ரலில் ஆரம்பித்தது, 1861 அக்டோபரில் தந்திக் கம்பி முழுதாக இணைந்ததும் மூடியாயிற்று. பதினெட்டு மாதம்.

நான் பார்த்த படங்களில் எதிலும் குதிரை சாப்பிட்டதாக நினைவில்லை. நிஜத்தில் அது சாப்பிடுவதைச் சுற்றித்தான் எல்லாமே நடந்திருக்கிறது. அரை டன் எடையுள்ள உழைக்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 10 கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். 30 லிட்டர் சுமாருக்குத் தண்ணீர். அதன் இரைப்பையோ உடம்புக்குப் பொருத்தமில்லாமல் சின்னது. மாடு மாதிரி ஒரேயடியாக அடைத்துக்கொண்டு அசைபோட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்ன வேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய படங்களில் வாடகை வண்டிக் குதிரையின் முகத்தில் ஒரு பை தொங்குமே, அந்தத் தீனிப்பையை நான் வாய்ப்பூட்டு என்றே ரொம்பநாள் நினைத்திருந்தேன். இரண்டு சவாரிக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் நாலு வாய் ஓட்ஸ் தின்னக் கட்டிவிட்டதாம்.

லாடம் இன்னொரு செலவு. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஹென்றி பர்டன் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் நிமிடத்துக்கு 60 லாடம் அடித்துத் தள்ளும் இயந்திரம் செய்தார். அப்படியொரு இயந்திரத்துக்கு வேலை இருந்தது என்பதிலிருந்தே எத்தனை கால்கள் ஓடின என்று யோசித்துக்கொள்ளலாம்.

ரயில் வந்தது, குதிரை போயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ச்சி. நீண்டதூரக் கோச் வண்டி போனது உண்மை. 1830ல் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் ஓட ஆரம்பித்தது, இருபது வருடத்துக்குள் பெரிய சாலைகளின் விடுதி வாசல்களில் புல் முளைத்துவிட்டது. ஆனால் குதிரைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். மூட்டையை வீட்டுக்கு யார் கொண்டுவருவது? நிலக்கரியைத் தெருவுக்கு? பயணியை ஓட்டலுக்கு? ரயில் எவ்வளவு சரக்கை இறக்கியதோ அவ்வளவுக்குக் குதிரை வேண்டியிருந்தது. ரயில்வே கம்பெனிகளே ஆயிரக்கணக்கில் குதிரை வைத்திருந்தன. பெட்டிகளைத் தண்டவாளம் மாற்றி இழுத்துவிடவும் குதிரைதான். பிரிட்டனில் குதிரைகள் உச்சத்தைத் தொட்டது 1900ஐ ஒட்டி, முப்பது லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நீராவியின் நூற்றாண்டு என்று பெயர் வாங்கிய காலத்தின் கடைசிப் பக்கம் அது.

எதில் பூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் குதிரையின் பலமே மாறும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. முதுகில் ஏற்றினால் 125 கிலோ சுமக்கும். நல்ல சாலையில் வண்டி பூட்டினால் 2 டன். கால்வாய்ப் படகில் கயிறு கட்டிக் கரையோரமாக நடக்கவிட்டால் 50 டன்! அதே குதிரை. பழைய கால்வாய்ப் பாலங்களின் விளிம்பில், கயிறு உரசி உரசி விரல் நுழையும் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கிறது. எறும்பு ஊரக் கல் தேய்ந்ததைப் பற்றி நமக்குப் பழமொழி உண்டு, பாலம் தேய்ந்ததற்கு இல்லை.

நகரத்துக்குள் வருவோம். 1829ல் ஷில்லிபீர் என்பவர் லண்டனில் முதல் ஆம்னிபஸ்ஸை, அதாவது குதிரை இழுக்கும் நகரப் பேருந்தை, விட்டார். மூன்று குதிரை, 22 பேர் உட்காரலாம். பிறகு இரண்டு குதிரை பஸ் வழக்கமானது. இரண்டுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு ஜோடி மூன்று நான்கு மணி நேரம் இழுத்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. ஆக, காலையிலிருந்து இரவுவரை ஒரே ஒரு பஸ் ஓட, நோயாளிக் குதிரைக்கு மாற்றும் சேர்த்து, 11 குதிரை வேண்டும். நின்று நின்று கிளம்புவதுதான் அவற்றைக் கொன்றது. ஓடும் வண்டியை இழுப்பது பெரிதல்ல, நின்ற வண்டியை நகர்த்துவதுதான் பாடு. நான்கைந்து வருடத்தில் பஸ் குதிரைக்குக் கால் போய்விடும். அதற்கப்புறம் லேசான வேலைக்கு விற்பார்கள், அதற்கும் அப்புறம் தோலுக்கும் எலும்புக்கும். இறைச்சி வெந்து, குச்சியில் குத்தி, தெருத்தெருவாகப் பூனைத் தீனியாக விற்பனைக்குப் போகும்.

1890களில் லண்டனில் மட்டும் மூன்று லட்சம் குதிரைகள் இருந்ததாகச் சொல்வார்கள். ஒன்றுக்கு 10 கிலோ என்றால் தினமும் 3,000 டன் தீனி நகரத்துக்குள் வர வேண்டும். அதை இழுத்துவருவதும் குதிரைதான், அந்தக் குதிரைக்கும் தீனி வேண்டும். குதிரை ஒன்றுக்கு நாளைக்கு 20 கிலோ லத்தி என்று வைத்தால் 6,000 டன் வெளியே போக வேண்டும். அதை அள்ளிப் போவதும்… சரி, புரிந்திருக்கும்.

லத்தி விஷயத்தில் ஒரு பொய்யை இங்கேயே பிடித்துவிடலாம். 1894ல் ஒரு லண்டன் நாளிதழ், இன்னும் ஐம்பது வருடத்தில் எல்லாத் தெருவும் ஒன்பதடி லத்திக்குள் புதைந்துவிடும் என்று எழுதியதாக ஒரு செய்தி நிறையப் பேர் மேடையில் சொல்கிறார்கள். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு கட்டுரை அந்த நாளிதழில் வரவே இல்லை. பொய் தேவைப்படாத அளவுக்கு உண்மையே நாறிக்கொண்டிருந்தபோது எதற்கு இந்தச் சிரமம் என்று தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாயிகள் லாயங்களுக்குக் காசு கொடுத்து உரம் வாங்கிப் போனார்கள். நகரங்கள் பெருத்து, லத்தி குவிந்து, விலை விழுந்து, கடைசியில் லாயக்காரர்கள் காசு கொடுத்து அள்ளிப்போகச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. மழைபெய்தால் சேறு, வெயிலடித்தால் அதே லத்தி தூளாகிப் பறக்கும். நீளப் பாவாடைக்காரப் பெண்கள் தெருவைக் கடக்க, துடைப்பத்தோடு முன்னால் பெருக்கிக்கொண்டே போகும் சிறுவர்கள் இருந்தார்கள், சில்லறைக்காக. நியூயார்க்கில் 1880ல் மட்டும் செத்த குதிரைகள் 15,000ஐத் தெருக்களிலிருந்து அகற்றியிருக்கிறார்கள்.

சத்தம் வேறு. கருங்கல் பாவிய தெருவில் இரும்புப் பட்டைச் சக்கரமும் இரும்பு லாடமும் மோதும் சத்தம். வீட்டில் யாராவது சாகக் கிடந்தால் வாசலுக்கு முன்னால் தெருவில் வைக்கோலைப் பரப்பிவிடுவார்களாம், வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று. தெருவில் வைக்கோல் கிடந்தால் அந்த வீட்டைப் பார்த்து வண்டிக்காரர்களுக்குப் புரிந்துவிடும். என் கதையில் சித்தப்பா வீட்டு வாசலில் இதை வைத்துக்கொண்டேன். விடுவேனா.

குதிரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வட அமெரிக்கா 1872ல் பார்த்தது. செப்டம்பர் கடைசியில் டொரான்டோ பக்கம் சில குதிரைகளுக்கு இருமல். குதிரைக் காய்ச்சல், ஃப்ளூதான். அக்டோபர் முடிவதற்குள் பாஸ்டன், நியூயார்க். பெரும்பாலான குதிரைகள் படுத்துவிட்டன. செத்தவை பல இடங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், சில இடங்களில் பத்துவரை. ஆனால் பிழைத்ததும் இரண்டு வாரம் நிற்கவே தெம்பில்லாமல் இருமிக்கொண்டிருந்தது. டிராம் நின்றது. கப்பலில் வந்த சரக்கு துறைமுகத்திலேயே கிடந்தது. நிலக்கரி வீடுகளுக்குப் போகவில்லை. நீராவிக்கும் நிலக்கரி வேண்டுமே. எங்கிருந்தோ எருதுகளைக் கொண்டுவந்து நகரத் தெருவில் பூட்டினார்கள். மனிதர்களே கயிற்றைத் தோளில் போட்டு வண்டி இழுத்தார்கள்.

நவம்பர் 9ஆம் தேதி மாலை பாஸ்டன் நகரின் நடுவில் தீப்பிடித்தது. தீயணைப்பு எஞ்சின்களை இழுக்கும் குதிரைகள் லாயத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தன. ஆட்களைத் திரட்டிக் கயிறு கட்டி இழுத்தார்கள். 776 கட்டிடங்கள் எரிந்துபோயின. குதிரைக் காய்ச்சல்தான் பாஸ்டனை எரித்தது என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. பின்னால் நடந்த விசாரணையில், குதிரை இல்லாததால் தாமதம் சில நிமிடங்கள்தான் என்று தெரிந்தது. ஒடுங்கிய தெருக்கள், மரக் கூரைகள், குழாயில் போதாத தண்ணீர், இவைதான் முக்கியக் காரணம். இருந்தாலும் ராத்திரி நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் மூச்சிரைக்க நீராவி எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடும் அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை. எஞ்சின் நீராவியில் பம்ப் அடிக்கும். ஆனால் தீயிருக்கும் இடத்துக்கு யாராவது இழுத்துப் போக வேண்டும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். குதிரைக்கும் பல்தான் பிறப்புச் சான்றிதழ். கீழ்ப்பல்லின் மேற்பரப்பில் இருக்கும் கருங்குழி எட்டு வயதுவாக்கில் தேய்ந்து மறையும். மேல் ஓரப்பல்லில் பத்து வயதில் ஈறோரம் ஒரு கோடு தோன்றி, பதினைந்தில் பாதிவரை இறங்கி, இருபதில் அடிவரை வரும். தரகர்கள் சும்மா இருப்பார்களா? கிழட்டுக் குதிரையின் பல்லில் புதிதாகக் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கருக்கி, எட்டு வயசு என்று விற்றார்கள். சோம்பிக் கிடக்கும் குதிரை வாலைத் தூக்கி மிடுக்காக நிற்க, வாலுக்கு அடியில் இஞ்சித் துண்டைச் செருகினார்கள். இதைச் சொன்னபோது அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “இப்பவும் பண்றானுங்க” என்றார்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கால்நடைகளை வதைப்பது குற்றம் என்று பிரிட்டனில் 1822லேயே சட்டம் வந்தது. 1859ல் லண்டனில் மனிதர்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க ஆரம்பித்த ஒரு சங்கம், 1867 முதல் பெயரிலேயே கால்நடைத் தொட்டியைச் சேர்த்துக்கொண்டது. தெருமுனைகளில் கருங்கல் தொட்டிகள். வண்டியை நிறுத்தி, கடிவாளத்தைத் தளர்த்தி, தண்ணி காட்டிவிட்டுப் போகலாம். அண்ணனின் கேள்விக்கு லண்டன் கல்லில் எழுதிவைத்த பதில் இது. என் கதைக்குத்தான் உதவவில்லை, 35 வருடம் தள்ளிப்போய்விட்டது.

1911ல் லண்டனின் பெரிய பஸ் கம்பெனி கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது. பிரிட்டிஷ் ரயில்வேயில் பெட்டி இழுத்துக்கொண்டிருந்த கடைசிக் குதிரை, பெயர் சார்லி, நியூமார்க்கெட் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்றது 1967ல். டீசல் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தண்டவாளத்தில் ஒரு குதிரை.

கதையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கதாநாயகன் இரவே கிளம்பவில்லை, மறுநாள் கோச்சில் இடம் பிடிக்கிறான். பணம் போதாமல் வண்டியின் கூரைமேல்தான் இடம் கிடைக்கிறது. வழியில் சக்கரம் ஒன்று கழன்றுவிட, பொறுமையிழந்து வாடகைக் குதிரை எடுக்கிறான். குதிரைக்குப் பல் பார்க்கத் தெரியாமல் ஏமாந்துவிட்டான். மூன்று வாரமாக ஒரு விடுதி முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். குதிரை இன்னும் தின்று முடிக்கவில்லை.